பிரிக்காமல் கொண்டுபோன பெட்டிகள்

தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்கு என்ன சீர் செய்வது என்று பேச்சு வந்த நேரத்தில் நான் ராஜபாளையத்தில், எங்கள் வீட்டில் இருந்தது தற்செயல்தான். தொண்ணூற்றொன்பது, ஆனி மாதம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒரு வருடத்துக்கும் மேல் வேலை பார்த்துவிட்டு, காரணம் என்று சொல்ல எதுவும் இல்லாமல் கிளம்பி வந்திருந்தேன். அதற்கு முன்னால் லாரியில் கிளீனர், மங்களூரில் ஓட்டல் வேலை, கோயம்புத்தூரில் பவுண்டரி. அதற்கும் முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பேண்டேஜ் துணி நெய்யும் தறி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஓர் இடத்தில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

தங்கையை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. மூன்று வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு மடவார் வளாகம் பக்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். ஆவணியில் பால்காய்ப்பு. பிறந்த வீட்டுச் சீரைத் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் வைத்து, அங்கிருந்து மேளத்தோடு எடுத்துப்போவது வழக்கம். யார் எந்தத் தாம்பாளத்தைத் தூக்கி வருகிறார்கள் என்று தெருவே வாசலில் நின்று பார்க்கும். பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பதை அன்றைக்குப் பார்த்த கண்கள்தான் பிறகு பல வருடம் பேசும்.

அப்பா பீரோ என்றார். தங்கை என்னைத் தனியாகக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனாள்.

"எண்ணே, பீரோ வேணாம்னு அப்பாட்ட நீதான் சொல்லணும். அவியளுக்கு வேற ஒரு கிறுக்கு பிடிச்சிருக்கு."

"என்ன கிறுக்கு?"

"கடையச் சாத்திட்டு நேரா கம்ப்யூட்டர் சென்டருக்குப் போறாக. அங்க ஒரு கார் ரேஸ் இருக்காம்ல. வீட்டுக்கு வந்த பொறவும் கை ரெண்டும் ஸ்டீரிங் பிடிச்சாப்புலயே இருக்கு. சோத்தப் பெசையும்போதே வளைவு திரும்புதாக." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "அத ஒண்ணு வாங்கி வீட்ல வச்சுட்டா என்னைய விட்டு எங்கிட்டும் போகமாட்டாகண்ணே. எங்க அத்தையும் வாயத் தொறக்காது. அந்தத் தெருவுல யாரு வீட்லயும் கம்ப்யூட்டர் கெடையாது."

"வாங்குறதா? ஏட்டி, நானே கட்டித் தாரேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. அதுவரை அந்த வீட்டுக்கு நான் எதையும் செய்ததில்லை. அவள் கல்யாணத்துக்கே முதல் நாள் மாலைதான் வந்து சேர்ந்தேன்.

கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரை முழுசாக வாங்குவதைவிடப் பாகம் பாகமாக எடுத்துச் சேர்ப்பது நல்லது என்பது ரிச்சி தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்று மற்றொன்றை ஏற்க வேண்டும். ப்ராசஸரின் கால்களுக்கு ஏற்ற குழி, எல்லாவற்றையும் சொருகும் போர்டில் இருக்க வேண்டும். போர்டின் திருகு ஓட்டைகளுக்கு நேராகக் கேபினட் என்னும் வெளிப்பெட்டியில் ஓட்டை வேண்டும். கேபினட்டோடு வரும் பவர் சப்ளையின் வயர் முனை போர்டுக்குள் போக வேண்டும். பழைய மாடல் கேபினட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போய், வயர் நுழையாமல் அடுத்த நாள் அதையே தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நிற்பவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்த்திருக்கிறேன். இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் உள்ளது. கேமுக்கு மட்டும் கூடுதலாக ஒரு டிஸ்ப்ளே கார்டு வேண்டும். அது இல்லாமல் கார் ரேஸ் போட்டால் கார் ஓடாது, நின்று நின்று படம் படமாக வரும். அப்போது வந்துகொண்டிருந்த நல்ல கார்டுகள் போர்டில் இருக்கும் வெள்ளை ஸ்லாட்டுகளில் போகாது. அதற்கென்று பழுப்பு நிறத்தில் தனி ஸ்லாட் ஒன்று. கடையில் அதை ஏஜிபி என்பார்கள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் தொழிலைப் படித்தேன். வெள்ளையா பழுப்பா, நீளமா குட்டையா, வெட்டு எந்தப் பக்கம். ஒரு வருடம் அது போதுமானதாக இருந்தது.

சீரில் ஒருவரே எல்லாவற்றையும் தூக்கி வருவது எங்களில் இல்லை. ஆளுக்கு ஒன்று. அதனால் டிவி போல இருக்கும் மானிட்டர் அப்பா பேரில். கேபினட், ஹார்டு டிஸ்க், மெமரி, டிஸ்ப்ளே கார்டு என் பேரில். மிச்சம் இருந்த போர்டும் ப்ராசஸரும் எங்கள் பெரியப்பா மகன் பேரில்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா சீக்கிரம் இறந்துவிட்டதால் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அப்போது டெல்லியில் இருந்தார். மனைவியும் பிள்ளைகளும் செட்டியார்பட்டியில். தங்கைக்கு அவர் பெரியண்ணன், நான் சின்னண்ணன். அவள் வயதுக்கு வந்தபோதும், கல்யாணத்தின்போதும், முதல் பொங்கலுக்கும் லீவு போட்டு வந்து முன்னால் நின்றவர் அவர்தான். டெல்லியில் கம்ப்யூட்டர் சாமான் மலிவு என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். என்ன ப்ராசஸர், என்ன போர்டு என்று எழுதிவிட்டு, போர்டில் பழுப்பு ஸ்லாட் கட்டாயம் இருக்க வேண்டும், ஏஜிபி என்று கேளுங்கள் என்று கோடு போட்டு எழுதினேன்.

அந்தக் கோடையில்தான் எல்லையில் சண்டை நடந்து முடிந்திருந்தது. லீவு கிடைப்பதே பெரிய காரியம். பத்து நாள் கிடைத்தது அவருக்கு. அதில் நாலு நாள் ரயிலிலேயே போய்விடும். மதுரையில் இறங்கி பஸ் மாறி, பால்காய்ப்புக்கு முதல் நாள் பகலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டி படுக்கையை வாசலிலேயே போட்டுவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டிரங்குப் பெட்டிய சீட்டுக்கு அடியில விட்டேன். இத மடியில வச்சிட்டே வந்தேன். பக்கத்துல இருந்தவன் உள்ள என்ன, அல்வாவான்னு கேக்கான்."

நான் ஆவலோடு வாங்கிப் பிரிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"ஏலே, என்ன காரியம் பண்ணுத? சீருக்கு வைக்கிற சாமான யாராவது பிரிப்பானா? பொழங்குன பாத்திரத்தக் கொண்டுபோயி வச்சாப்புல ஆயிரும்."

"இது பாத்திரம் இல்லம்மா. சேருதான்னு ஒரு தடவ பாத்துட்டு ஒட்டிருவேன்."

"பாத்திரமோ என்னமோ. அந்தச் சம்பந்தகாரி மொதல்ல பாக்கிறது ஒட்டுன எடத்தத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

பெரியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் நிற்கவில்லை. பெட்டியின் மேலேயே போர்டின் படம் இருந்தது. படத்தில் வெள்ளை ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. விரலை வைத்துத் தேடினேன். ஏ, ஜி, பி. மூன்று எழுத்தும் இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை. தேவை என்றும் தோன்றவில்லை. எங்கள் தெருவிலேயே காலேஜ் படித்தவர் ஒருவர் இருந்தார். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

மறுநாள் பிள்ளையார் கோவிலில் இருந்து புறப்பட்டோம். தேங்காய் பழம், பூ, புடவை வேட்டி, அதன் பின்னால் எங்கள் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. மானிட்டரை அப்பாவும் தாய்மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னது, டிவியா? அதான் ஏற்கெனவே இருக்கே" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

"டிவி இல்லக்கா. கம்ப்யூட்டரு. பொறந்த வீட்ல இருந்து வருது."

"அம்மாடி. அத வச்சு அந்தப் புள்ள என்ன செய்யப் போகுது?"

"புருசன் கார் ஓட்டப் போறாராம்."

"வீட்டுக்குள்ளயா?"

தெரு சிரித்தது. தங்கை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவளை அப்படிப் பார்த்தது அன்றுதான் கடைசி.

பால் காய்ச்சி, சாப்பாட்டுப் பந்தியெல்லாம் முடிந்து, மதியம் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். சுற்றி இருபது பேராவது இருப்பார்கள். மாப்பிள்ளை தன் சிநேகிதர்கள் நாலு பேரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். ரேஸ் சிடி அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. தங்கை எனக்குப் பக்கத்தில் குத்தவைத்து, திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெட்டிகளைப் பிரித்தேன். ப்ராசஸர் குழிக்குள் பொருந்தி உட்கார்ந்தது. மெமரி போனது. போர்டைக் கேபினட்டில் வைத்தேன். போர்டுக்கு அடியில் அங்கங்கே பித்தளைக் குமிழ்களைத் திருகி, அதன் மேல்தான் போர்டை நிறுத்த வேண்டும். ஒரு மூலைக்குக் குமிழ் குறைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பவர் வயர் சரியாக நுழைந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடைசியாக டிஸ்ப்ளே கார்டை எடுத்து அந்தப் பழுப்பு ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்தேன்.

அந்த ஸ்லாட், கார்டின் அடியில் இருந்த பல்வரிசையில் பாதி நீளம்கூட இல்லை.

பழுப்பாக இருந்தது, ஆனால் அது வேறு எதற்கோ உள்ள ஸ்லாட். மோடம் போல ஏதோ ஒன்றைச் சொருகுவதற்கு அந்த வருடம்தான் புதிதாக வந்தது என்று பிறகு தெரிந்தது. போர்டிலேயே சின்னதாக ஒரு டிஸ்ப்ளே வைத்திருந்தார்கள். கார்டு சொருகவே இடமில்லாத மாடல். ஏஜிபி என்று பெட்டியில் இருந்தது அந்த உள்ளே இருக்கும் டிஸ்ப்ளேயைப் பற்றி. அந்த நிமிடத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. கார்டு போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"என்ன மச்சான், ரோடு அடைச்சிருக்கா?" என்றார் மாப்பிள்ளை. சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

"புதுசு, இறுக்கமா இருக்கு."

ரிச்சி தெருவில் கார்டை அழுத்தித்தான் சொருகுவார்கள். நானும் அழுத்தினேன். தங்கை தணிந்த குரலில், "எண்ணே, அது போகலையே. வேற எடமா இருக்கப் போவுது" என்றாள்.

"ஏட்டி, சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

உள்ளங்கையை வைத்து முழு பலத்தோடு ஒரு அழுத்து அழுத்தினேன். குமிழ் இல்லாத மூலை கீழே வளைந்து, 'டொக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. தங்கைக்கும் எனக்கும்தான் கேட்டிருக்கும். கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கார்டு இல்லாமலாவது படம் வரட்டும் என்று மானிட்டரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி போட்டேன். அதுவும் இல்லை.

மாமியார்தான் கேட்டார். "என்ன தம்பி, உசிரு இல்லையா?"

அப்போது என் கண்ணில் பட்டது போர்டு வந்த காலிப்பெட்டி. மூடி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப். அடியில் இருந்தது ஏற்கெனவே அறுக்கப்பட்டிருந்தது. முதல் நாள் எழுத்தைத் தேடியபோது நான் மூடியைக் கவனிக்கவில்லை. காலையில் அம்மா மஞ்சள் தடவியதில் அது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து நான் பேசியதை இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்திருக்கிறேன். அன்று பேசியது இதுதான்: "இது ஏற்கெனவே பிரிச்ச சாமான் அத்தை. பாருங்க, ரெண்டு டேப்பு. எவனோ வாங்கி, வேல செய்யலன்னு திருப்பிக் குடுத்தத, டெல்லிக்காரன் அண்ணன் தலையில கட்டிட்டான்."

மாமியார் பெட்டியை வாங்கி, டேப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்த பெரியண்ணனைப் பார்த்தார். "பட்டாளத்துக்காரர் மலிவா கெடைச்சதேன்னு வாங்கிட்டாரு போல. பழசச் சீரா வைக்கிறது எங்க பக்கம் வழக்கம் இல்ல. உங்க பக்கம் எப்படியோ."

பெரியண்ணன் தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கவனிக்காம வாங்கிட்டேன் அத்தை" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, செட்டியார்பட்டிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

நான் போர்டையும் கார்டையும் பையில் போட்டுக்கொண்டேன். வாசல்வரை வந்த தங்கையிடம், "நாலே நாளு. மெட்ராஸ் போயி மாத்திட்டு வாரேன். உங்க வீட்ல தைரியமாச் சொல்லு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

சென்னையில் பழைய முதலாளி போர்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அந்த மூலையில் முடி மாதிரி ஒரு கீறல். "எவன்டா இப்படி அமுக்குனது? இதுல ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது, எங்கடா சொருகப் பார்த்தே?" என்றார். ஒரு நண்பர் கொண்டுவந்தார் என்று சொன்னேன். சரியான போர்டு வாங்கக் கையில் பணமில்லை. அங்கேயே சேர்ந்தேன். நாலாம் நாள் போனது. போன் பண்ணலாம் என்றால் தங்கை வீட்டில் போன் இல்லை, எதிர்வீட்டில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? பத்தாம் நாளுக்குப் பிறகு அந்தத் தெருவில் பழுப்பு ஸ்லாட் உள்ள போர்டு கைக்கு வந்தால் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டேன். நெல்லூருக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டேன். அங்கிருந்து விஜயவாடா. ஒரு இறால் கம்பெனியில் ஐஸ் உடைத்தேன். தீபாவளி அங்கேதான் வந்தது, போனது. ஓடுவது எனக்குப் பழகின வேலை. ஆனால் அந்தத் தடவைதான் ஓடுகிறேன் என்று தெரிந்து ஓடினேன்.

கார்த்திகை கடைசியில் சென்னைக்குத் திரும்பி, சரியான போர்டை வாங்கினேன். இந்த முறை கடையிலேயே கார்டைச் சொருகி, என் கண் முன்னால் கார் ரேஸை ஓடவிட்டுப் பார்த்தேன். கார் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போனது. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்ட ஐந்து நிமிடம்தான் ஆனது.

நாலு நாள் என்று போனவன் நாலு மாதம் கழித்து, மார்கழியில் ஒரு காலை தங்கை வீட்டு வாசலில் நின்றேன்.

"வாங்கண்ணே" என்றாள். "உக்காருங்க. அவியள வரச் சொல்றேன்."

என்னிடம் அவள் அதுவரை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள்.

மாப்பிள்ளை எந்த முகக்கோணலும் இல்லாமல் வந்தார். அவர் நல்ல மனிதர். கேபினட் கூடத்து மூலையில் துணி போட்டு மூடியிருந்தது. அதன் மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். குடத்தை இறக்கி, அரை மணி நேரத்தில் போர்டை மாட்டினேன். எல்லாக் குமிழையும் எண்ணித் திருகினேன். கார்டு விரல் படும் முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தது. மாப்பிள்ளை பழைய சிடியைத் தேடி எடுத்துப் போட்டார். இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு எழுந்து, "நல்லா இருக்கு மச்சான். இப்பல்லாம் அந்தச் சென்டருக்கே போறதில்ல, விட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரையில் கார் தானாகவே சுவரில் மோதி நின்றது.

அடுப்படிக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினாள்.

"அன்னைக்கு நாந்தான் அமுக்கி ஒடச்சேன். மாப்பிள்ளைட்டயும் உங்க அத்தைட்டயும் சொல்லிருதேன்" என்றேன்.

"தெரியும். கிண்ணத்தப் பிடிச்சிட்டுப் பக்கத்துலதான இருந்தேன்."

"அப்பறம் ஏன்…"

"நாலு நாள்ல வாரேன்னு சொன்னீங்கள்ல. தெனமும் அத்தை கேக்கும். எங்க ஒன் அண்ணன்காரன்னு. நான் என்ன சொல்ல? பெரியண்ணன் பழசக் குடுத்துட்டாக, அத மாத்த சின்னண்ணன் அலையுதுன்னு என் வாயாலதான் சொன்னேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. தீபாவளிக்கு ரெண்டு அண்ணனும் வரல. அப்பா ஒத்தையாளா பையத் தூக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குனாக. தெருவே பாத்துச்சு. அன்னைக்கும் அதையேதான் சொன்னேன்." அரிவாள்மணை நின்றது. "இப்ப நீங்க போயி நாந்தான் ஒடச்சேன்னு சொன்னா, நாலு மாசமாப் பொய் சொன்னது யாருன்னு அத்தை கேக்கும்ல? அத நான் தாங்கணுமா? வேணாம். நீங்க எதையும் சொல்லாதீங்க."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இருந்ததே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டீங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டேன். என்ன சமைத்திருந்தாள் என்று நினைவில்லை.

பெரியண்ணன் அடுத்த லீவில் வந்தபோது நான் ஊரில் காத்திருந்தேன். செட்டியார்பட்டிக்குப் போனேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சட்டையைப் பிழிந்து உதறிவிட்டுச் சொன்னார்:

"அந்த ரெண்டாவது டேப்ப ஒட்டுனது நாந்தாம்லே."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச இந்தி அம்புட்டையும் பேசி, கடைக்காரனப் பிரிக்கச் சொல்லி, ப்ராசஸர மாட்டி, படம் வருதான்னு கண்ணால பாத்துட்டுத்தான் வாங்குனேன். ஏஜிபி இருக்கான்னு நீ எழுதுனபடி கேட்டேன். உள்ளேயே இருக்குன்னான். நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்து, அங்க வச்சு வேல செய்யலைன்னா தங்கச்சி மொகம் என்னத்துக்கு ஆகும்? பிரிச்சதச் சொன்னா சித்தி சீருக்கு ஆகாதும்பாகன்னு மேல ஒரு டேப்ப ஒட்டிட்டேன்."

"அப்ப அன்னைக்கு ஏண்ணே வாயே தொறக்கல?"

"என்னன்னு தொறக்க? ஓடுன போர்டு அங்க வந்து ஓடலைன்னா யாரு ஒடச்சிருப்பான்னு எனக்குத் தெரியாதா? அத அந்தக் கூட்டத்துல சொன்னா, ரெண்டு அண்ணனும் சீர் வச்ச எடத்துல அடிச்சிக்கிட்டானுவன்னு அவளுக்கு ஆயுசுக்கும் பேச்சு. நான் பழசக் குடுத்தேன்னு போனா ஒருத்தன்தான கெட்டவன். ஒருத்தனாவது அவளுக்கு மிஞ்சுவான்னு நெனச்சேன்." வாளியில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்தார். "நீ நாலு நாள்ல வருவன்னு நெனச்சேம்லே."

வாங்கண்ணே, இரண்டு பேரும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போவோம் என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன்.

"பொறவென்ன. அவ சொன்னபடி இரு. நான் வந்தா அந்தப் பேச்சு தானா எந்திரிக்கும். அவ திரும்ப அதே பொய்யச் சொல்லணும், என் மொகத்தப் பாத்துக்கிட்டே. எதுக்கு?"

அவர் பட்டாளத்தில் இருந்து வந்து இப்போது செட்டியார்பட்டியில்தான் இருக்கிறார். சின்னதாகத் தோட்டம் போட்டிருக்கிறார். நான் அதன் பிறகும் ஓர் ஊரில் தங்கவில்லை, ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்துவிடுவேன். வந்தவுடன் முதலில் செட்டியார்பட்டி. அவர் தோட்டத்தில் இருந்து மஞ்சள் குலையை மண்ணோடு பிடுங்கிக் கழுவி, இலை ஒடியாமல் ஈரச்சாக்கில் சுற்றித் தருவார். யார் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அங்கிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோவேன்.

போன பொங்கலுக்கும் அப்படித்தான். மாமியாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வெளைஞ்சிருக்கே. எங்க வாங்குன தம்பி?" என்றார்.

"சந்தையிலதான் அத்தை."

"பட்டாளத்துக்காரரு இந்த வருசமும் வரலையாக்கும்? எப்படி வருவாரு. பழச நீட்டுனவருக்கு மொகம் வேணும்லா."

தங்கை குலையை வாங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமாத்தை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.